வேதகிரி போட்டு வைத்த முள்

எங்கள் அரிசி ஆலையில் வேதகிரி அண்ணன் செய்த வேலைக்குப் பெயர் கிடையாது. பாய்லர் பார்க்கிறவர் பாய்லர்காரர். மூட்டை தூக்குகிறவர் லோடுமேன். களத்தில் நெல் காய வைக்கிற எங்களைக் களத்து ஆளுங்க என்பார்கள். அவரை மட்டும் 'சாம்பல்' என்றே கூப்பிடுவார்கள். "சாம்பல கூப்புடு", "சாம்பல் வந்துட்டானா?" என்றால் அது அவர்தான். அவரும் திரும்பிப் பார்ப்பார்.

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டுப் பக்கம் போகிற சாலையில், வீடுகள் முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் ஆலை இருக்கிறது. நெல்லைத் தொட்டியில் ஊற வைத்து, ஆவியில் வேக வைத்து, களத்தில் கொட்டிக் காய வைத்து, அப்புறம் அரைப்பார்கள். வேக வைக்க நெருப்பு வேண்டும். நெருப்புக்கு உமி. உமி எரிய எரிய அடுப்புக்கு அடியில் சாம்பல் சேரும். அதை வெளியே வாரி இழுத்து, தண்ணீர் அடித்து, இரும்பு வண்டியில் தள்ளிக்கொண்டு போய் ஆலைக்குப் பின்னால் இருக்கிற பள்ளத்தில் கொட்டுவதுதான் அண்ணன் வேலை. பள்ளம் நிறைந்தால் செங்கல் சூளைக்காரர்கள் லாரி கொண்டு வந்து அள்ளிப் போவார்கள். மறுபடி கொட்டுவார்.

சாயங்காலம் தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக்கொண்ட பிறகுதான் அவர் கறுப்பு நிறம் என்பதே தெரியும். அதுவரை இமை மயிர் கூட வெள்ளைதான். அவர் மனைவி அம்முலு எங்களோடு களத்தில் நெல் கிளறுகிறவள். "என் வூட்டுக்காரரு கோயிலுக்கே போவ வேணாம். தெனமும் விபூதி அபிஷேகம் பண்ணிக்கினுதான் வர்றாரு" என்று சொல்லிச் சிரிக்க வைப்பாள். அண்ணன் பதில் பேச மாட்டார். நான் நெல் கிளறும்போது வாய்க்குள்ளே ஜெபப் பாட்டு ஏதாவது ஓடிக்கொண்டிருக்கும். வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர், "மேரிம்மா, ஏன் நிறுத்திட்ட? பாடு. கேக்க நல்லா கீது" என்பார். அவர் பேசினால் அவ்வளவுதான் பேச்சு.

அவருக்கு இருமல் வந்தது. முதலில் காலையில் மட்டும், பிறகு நாள் முழுக்க. அவர் மகன் பாண்டியன் ஒரகடத்துக்குக் கம்பெனி வேன் ஓட்டுகிறவன். நல்ல பிள்ளை. அவன்தான் அலைந்து திரிந்து, ஓரிக்கை பக்கம் ஒரு மனைப்பிரிவில் வாட்ச்மேன் வேலை பிடித்துக் கொடுத்தான். நீலச் சட்டை, விசில், உட்கார நாற்காலி, மேலே தகரக் கொட்டகை. "நைனா, நீ இனிமே நெழல்ல ஒக்காரணும்" என்றான். நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். நான் ஆண்டவருக்கு நன்றி சொன்னேன்.

மாசி மாதத்தில் ஒரு நாள் கணக்கு முடிக்க வந்தார். முதலாளி மோகன்குமார் அலுவலக அறைக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அவர் அப்பா காலத்திலிருந்தே அண்ணன் அங்கே வேலை செய்கிறவர், அதனால் கொஞ்சம் பிரியமும் உண்டு.

"வேதகிரி, உன் எடத்துக்கு ஜெகன போடறேன். அவனுக்கு எதுனா சொல்லித் தரணுமா? வேணும்னா ரெண்டு நாள் கூட இருந்துட்டுப் போயேன்."

அண்ணன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு சிரித்தார். "இதுல சொல்லித்தர இன்னா கீது மொதலாளி? வார்றது, தள்றது, கொட்றது. கையும் காலும் கீறவன் எவன் வேணா செய்வான்."

"இதுக்கு இன்னா காலேஜா வெக்கணும்?" என்றான் மூட்டை தூக்கிக்கொண்டு போன ஒருவன். முதலாளி சிரித்தார். நாங்களும் சிரித்தோம். அம்முலுகூடச் சிரித்தாள்.

அண்ணன் வேண்டுமென்று பொய் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எல்லோரும் அந்த வேலையைப் பற்றிச் சொன்னதைத்தான் அவரும் சொன்னார். அதோடு, மறுநாள் நல்ல நாள் என்று பாண்டியன் சொல்லியிருந்தான். நீலச் சட்டை தைத்து ரெடியாக இருந்தது. அதைப் போட்டுப் பார்க்க அவருக்கு ஆசை. இது அவரே பிறகு என்னிடம் சொன்னது. சொல்லும்போது அந்தச் சட்டையின் காலரைப் பிடித்து இழுத்துக்கொண்டே சொன்னார், கழுத்தை இறுக்குகிற மாதிரி.

ஜெகன் எங்கள் சபையைச் சேர்ந்தவன். நாற்பது வயதுக்குப் பக்கம். மனைவி பிரிஸ்கில்லா, இரண்டு பெண் பிள்ளைகள். கட்டட வேலைக்குப் போய்க்கொண்டிருந்தான், பக்கத்திலேயே நிலையான வேலை என்று இதற்கு வந்தான். சுறுசுறுப்பானவன், சுத்தம் பார்க்கிறவன். கோயிலில் பாய் விரித்தால்கூட ஓரம் நேராக இருக்கிறதா என்று குனிந்து பார்ப்பான்.

வந்த வாரத்திலேயே அந்தப் பள்ளத்தை அவன் சுத்தம் செய்ய ஆரம்பித்தான். அங்கே மேடும் குழியுமாகச் சாம்பல் கிடக்கும். நடுநடுவே வேலிக்காத்தான் முள் கிளைகள் கிடக்கும். ஓரமாக உடைந்த செங்கல் கிடக்கும். ஜெகன் முள்ளையெல்லாம் இழுத்து ஒரு மூலையில் குவித்துக் கொளுத்தினான். செங்கல்லைப் பொறுக்கி வேலியோரம் அடுக்கினான். மம்மட்டியால் சாம்பலைச் சமமாக நிரவினான். பார்த்தால் களம் மெழுகினது போல இருந்தது.

முதலாளி பின் வாசலில் நின்று பார்த்துவிட்டு, "பார்ரா, இத்தினி வருஷம் குப்பைமேடா கெடந்துச்சு. ஆள் மாத்தினாத்தான் எடம் மாறுது" என்றார். நானும் ஜெகனைப் பார்த்து, "நல்லா செஞ்ச தம்பி" என்றேன். அதை நினைத்தால் இப்போதும் என் நாக்கு கசக்கிறது.

சித்திரையில் ஒரு சாயங்காலம் கோடை மழை அடித்தது. மறுநாள் காலையில் வெயில் வந்ததும் நாங்கள் களத்தைக் கூட்டித் தள்ளிக்கொண்டிருந்தோம். ஜெகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கம் போனான். மழையில் நனைந்த சாம்பல் மேலே காய்ந்து, சேற்று நிலம் இறுகினது போலக் கிடந்திருக்கிறது. அதன் மேல் நடந்திருக்கிறான்.

அவன் போட்ட சத்தம் மனிதக் குரல் போல இல்லை. நாங்கள் ஓடினோம். வலது கால் ஆடுசதை வரைக்கும் உள்ளே போயிருந்தது. இழுத்து வெளியே எடுத்தபோது ரப்பர் செருப்பு பாதத்தோடு உருகி ஒட்டியிருந்தது. மேலே ஈரம், அடியில் நெருப்பு. அம்முலுதான் நெல் ஊறுகிற தொட்டியிலிருந்து வாளி வாளியாகத் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினாள். நான் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு "இயேசுவே, இயேசுவே" என்றேனே தவிர வேறு ஒன்றும் செய்யவில்லை. முதலாளி ஆட்டோ பிடித்துக் கொடுத்தார். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

விஷயம் தெரிந்து வேதகிரி அண்ணன் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு வந்தார். வேலை நேரத்தில் சொல்லிவிட்டு அப்படியே வந்திருக்கிறார். நீலச் சட்டை, தோளில் விசில் கயிறு. வார்டு வாசலில் நின்றிருந்த பிரிஸ்கில்லா அவரை அடையாளம் தெரியாமல், "உள்ள ஒருத்தருக்கு மேல வுட மாட்டாங்களாமே சார், நீங்களாச்சும் சொல்லுங்க" என்று கேட்டாள். ஆஸ்பத்திரி காவலாளி என்று நினைத்துவிட்டாள்.

"நான்தாம்மா வேதகிரி."

"ஐயோ, நீயாணா! சட்டைய பாத்து பயந்துட்டேன்" என்றாள். பிறகு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள்.

அவர் உள்ளே போய்ப் பார்த்தார். கால் முழுக்கக் கட்டு. ஜெகன் மருந்து மயக்கத்தில் இருந்தான். அண்ணன் வெளியே வந்து என்னிடம், "எப்பிடி மேரிம்மா உள்ள போச்சு? அங்கதான் போவ முடியாதே" என்றார்.

"போவ முடியாதுன்னா?"

அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. "போவ முடியாதே" என்று மறுபடியும் சொல்லிக்கொண்டு படியில் இறங்கிப் போனார்.

இரண்டு மூன்று நாள் கழித்து அவர் ஆலைக்கு வந்தார். ஜெகனுக்கு ஏதாவது செய்யச் சொல்லிக் கேட்கத்தான் வந்தார். முதலாளி மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசை மேல் வைத்தார்.

"என்னால ஆனத செஞ்சேன் வேதகிரி. அதுக்கு மேல நான் இன்னா செய்யறது? நீ எத்தினி வருஷம் இங்க இருந்த? உனக்கு ஒரு கொப்புளம் வந்துதா? நீயே இன்னா சொன்ன? எவன் வேணா செய்வான்னு சொன்ன. அப்பேர்ப்பட்ட வேலையில ஒருத்தன் காலை வெந்துக்கினு வர்றான்னா, அவன் நெனப்பு வேற எங்கியோ இருந்துருக்கு. காலையிலயே ஊத்திக்கினு வந்தானோ இன்னாவோ. கால் சரியானாலும் அவன நான் திரும்ப வெச்சிக்க மாட்டேன். நாளைக்கு பாய்லர்ல தலைய வுட்டான்னா நான்தானே பதில் சொல்லணும்?"

அண்ணன் சொன்ன வார்த்தையே அவர் முன்னால் வந்து நின்றுவிட்டது.

அங்கிருந்து பின்பக்கம் போனார். நானும் கூடப் போனேன். பள்ளத்தின் ஓரத்தில் நின்று பார்த்தார். சமமாக, சுத்தமாக இருந்தது. கால் புதைந்த குழி மட்டும் அப்படியே இருந்தது.

"முள்ளு எங்க?" என்றார்.

"எந்த முள்ளு?"

"நான் போட்டு வெச்ச முள்ளு."

"அது குப்பைன்னு ஜெகன் அப்பவே இழுத்துப் போட்டுக் கொளுத்திட்டானேணா."

அண்ணன் அப்படியே குந்தி உட்கார்ந்துவிட்டார்.

"அது குப்ப இல்ல மேரிம்மா. அன்னன்னிக்கு கொட்ற எடத்து மேல போட்டு வெப்பேன். மாடு போவாது, ஆளு போவாது, நானும் போவ மாட்டேன். உள்ள நெருப்பு ஆற எத்தினியோ நாளாவும். ஆறின அப்பால எடுத்து வேற எடத்துல போடுவேன். செங்கல்லு போட்டது நடக்கற வழி."

"இத ஏண்ணா நீ யார்கிட்டயும் சொல்லல?"

"யாரு கேட்டாங்க?" என்றார். உடனே தலையை ஆட்டினார். "இல்ல. கேட்டாரே. மொதலாளி கேட்டாரே. ரெண்டு நாள் இருந்துட்டுப் போன்னு சொன்னாரே."

அதற்குப் பிறகு அவர் எழுந்து நடந்தபோது, அந்தச் செங்கல் வழி இருந்த இடத்திலேயே நடந்தார். செங்கல் அங்கே இல்லை. ஆனாலும் அவர் கால் அங்கேதான் போயிற்று.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து நான் கஞ்சி எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவர் அங்கே எனக்கு முன்னால் வந்து கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. ஜெகனிடம் முள்ளைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார் என்பது அவன் முகத்தைப் பார்த்ததுமே தெரிந்தது. ஜெகன் சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான்.

பிரிஸ்கில்லாதான் பேசினாள். சத்தம் போடவில்லை. பக்கத்துக் கட்டில்காரர்கள் இருக்கிறார்களே என்று அடங்கிய குரலில் பேசினாள். அது இன்னும் பொறுக்க முடியாமல் இருந்தது.

"ஒரு வார்த்தணா. 'தே, ஜெகனு, அந்த முள்ளுல கை வெக்காத'. இத்தினிதானே? இத சொல்ல உனுக்கு எம்மா நேரம் ஆயிருக்கும்? டீ குடிக்கற நேரம்கூட ஆவாதே. உன் வாட்ச்மேன் வேலை ஓடியா போயிருக்கும்?"

"பிரிஸ்கில்லா, வேணாம்மா" என்றேன்.

"பேசட்டும் மேரிம்மா" என்றார் அண்ணன். "அது பேசணும்."

"இன்னாத்த பேசறது! இவர் சபைக்கு வந்ததுலருந்து ஒரு சொட்டு தொட்டதில்ல. இப்ப உத்திரமேரூரு பூரா இவர் குடிச்சிட்டு சாம்பல்ல வுயுந்தார்னு பேசிக்கினு கீறாங்க. என் பொண்ண பள்ளிக்கூடத்துல கேக்கறாங்க."

ஜெகன் அப்போதுதான் திரும்பினான். முகம் வற்றிப்போயிருந்தது. "ணா, கால் எப்பிடினா போவட்டும். நான் குடிக்கல. கண்ணு மூடிக்கினும் நடக்கல. தரை மாரி இருந்துச்சு, நடந்தேன். அத மட்டும் போய் மொதலாளிகிட்ட சொல்லு. உன் வாயால சொல்லு."

அண்ணன் கும்பிட்டார். ஜெகனைவிட வயதில் அவ்வளவு பெரியவர், அவனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார். பேருந்து நிறுத்தம் வரைக்கும் கூட நடந்தேன். "நான் போயி ஜெபம் பண்றேண்ணா" என்றேன். "பண்ணு. ஆனா நாளைக்கு நீயும் மில்லுல இரு. எனக்கு பேச வராது" என்றார்.

மறுநாள் காலை அவர் வந்தபோது முதலாளி நெல் லாரி ஒன்றை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார்.

"மொதலாளி, அன்னிக்கு நான் சொன்னது தப்பு."

"எது?"

"எவன் வேணா செய்வான்னு சொன்னேனே. அது. எவனும் செய்ய முடியாது. ஜெகன் மேல தப்பில்ல. நான் ஒண்ணுமே சொல்லாம போயிட்டேன்."

"அப்போ அன்னிக்கு எங்கிட்ட பொய் சொன்னியா?"

"பொய்யின்னு எனக்கே தெரியாம சொல்லிட்டேன்."

முதலாளிக்கு எரிச்சலாக இருந்தது. லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். ஆனாலும் நின்றார். "செரி. அப்பிடி இன்னா தெரியணும் இதுக்கு? சொல்லு, கேக்கறேன்."

"முள்ளு போடணும்."

"அப்பறம்?"

அண்ணன் யோசித்தார். நெற்றி வேர்த்தது. "பாத்து நடக்கணும்" என்றார்.

"அதத்தான்யா நானும் சொல்றேன்! பாத்து நடக்கணும். அவன் பாக்கல. முடிஞ்சுது."

அவர் திரும்பிப் போக ஆரம்பித்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். தண்ணீரில் மூழ்குகிறவன் கரையைப் பார்க்கிற பார்வை அது. எனக்கு எங்கிருந்து தைரியம் வந்தது என்று தெரியவில்லை.

"மொதலாளி, அவருக்கு சொல்ல வராது. ஒரு வண்டி சாம்பல் அவர எடுக்கச் சொல்லுங்க. பாக்கற நாங்க சொல்றோம்."

அண்ணன் நீலச் சட்டையைக் கழற்றினார். மடித்து, அம்முலு கையில் கொடுத்தார். பழைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடுப்பு வாய்க்குப் போனார்.

சாம்பலை முதல் தடவை வாரி இழுப்பதற்கு முன்னால் சும்மா நின்றார்.

"ஏண்ணா நிக்கற?" என்றேன்.

"நிக்கறனா? காத்து இந்தப் பக்கம் அடிக்குது. திரும்பட்டும்."

வாரி இழுத்தார். தண்ணீர் அடித்தார். ஒரேயடியாக ஊற்றாமல், ஒரு வீச்சு வீசிவிட்டுப் பின்னால் நகர்ந்தார். குப்பென்று ஆவி எழும்பி, அவர் முன்பு நின்ற இடத்தில் அடித்தது.

"இப்ப ஏன்யா பின்னால வந்த?" என்று கேட்டார் முதலாளி.

"வந்தனா மொதலாளி?"

அம்முலுவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நாட்டியமே ஆடிக்கினு கீறாரு, ஆடறதே அவருக்குத் தெரியல" என்றாள். யாரும் சிரிக்காததால் அவளும் நிறுத்திக்கொண்டாள்.

பள்ளத்துக்குப் போகும்போது வண்டியை ஒரு கையால் தள்ளிக்கொண்டு, இன்னொரு கையால் மம்மட்டிக் காம்பை முன்னால் தட்டிக்கொண்டே போனார். ஓரத்தில் நாய் படுத்திருந்த இடம் ஆறியிருக்கும் என்று அந்தப் பக்கமாக வழியை மாற்றினார். குழம்பில் உப்பு போடுகிறவள் மாதிரி, வண்டியில் தொங்கிய வாளியிலிருந்து கையில் மொண்ட தண்ணீரைச் சாம்பல் மேல் தெளித்தார். சுர்ரென்று சத்தம் வருகிறதா என்று குனிந்து காதைக் கொடுத்தார். நான் ஒவ்வொன்றையும் பார்த்துச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே போனேன். "தண்ணி தெளிச்சாரு. கேக்கறாரு. அந்த எடத்த வுட்டுட்டாரு." அவரோ, தான் செய்ததை யாரோ ஊர்க் கதை போலச் சொல்லக் கேட்கிறவர் மாதிரி என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

முதலாளி இன்னும் கிட்டே பார்க்க ஓரத்திலிருந்து ஓரடி உள்ளே வைத்தார். தரை இறுகித்தான் தெரிந்தது. நானே ஒன்றும் நினைக்கவில்லை.

அண்ணன் வண்டியை விட்டுவிட்டுப் பாய்ந்து வந்து அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்து இழுத்தார். முதலாளி பின்பக்கமாக ஆலைச் சுவரில் போய் இடித்துக்கொண்டார். அத்தனை வருஷத்தில் அண்ணன் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்த வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் சாம்பலாகப் பதிந்திருந்தது.

அண்ணன் கிட்டே கிடந்த காய்ந்த தென்னை மட்டையை எடுத்து, முதலாளி அடுத்த அடி வைத்திருக்கக்கூடிய இடத்தில் குத்தினார். சுலபமாக உள்ளே போயிற்று. கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு வெளியே எடுத்தார். நுனி கங்காகி, புகை வந்துகொண்டிருந்தது.

"ஜெகன் கால வுட்ட நெருப்பு மொதலாளி. இன்னும் கீது" என்றார். பிறகு, "மன்னிச்சிக்கங்க, சட்ட அழுக்காயிடுச்சு" என்றார்.

முதலாளி அந்த மட்டையின் நுனியையே பார்த்துக்கொண்டிருந்தார். "எங்க அப்பா காலத்துலருந்து மில்லு நடத்தறோம். இந்தப் பள்ளத்துக்குள்ள நான் கால் வெச்சதே இல்ல" என்றார். குரல் மெதுவாக இருந்தது. திரும்பி நடந்தவர் பாதி வழியில் நின்றார். "கட்டு மாத்தற நாள்ல மில்லு வண்டி அனுப்பறேன். ஜெகன் எடம் அப்பிடியே இருக்கட்டும். குடிச்சான்னு நான் சொன்னத நானே போய் அவன் வூட்ல சொல்றேன், தப்புன்னு." சொன்னபடி அன்றைக்கே போனார். பிரிஸ்கில்லா அவருக்கு உட்கார நாற்காலி போட்டாள். ஆனால் குடிக்கத் தண்ணீர் கொடுக்கவில்லை என்று கேள்விப்பட்டேன்.

வேதகிரி அண்ணன் நீலச் சட்டையை மறுபடி போடவில்லை. ஜெகன் எழுந்து நடக்கிற வரைக்கும் அவன் இடத்தில் தானே நிற்பதாகச் சொல்லி ஆலைக்கே வந்துவிட்டார். பாண்டியனுக்குக் கோபம். வேன் ஓட்டிக்கொண்டு ஆலையைத் தாண்டிப் போவான், ஹாரன்கூட அடிக்க மாட்டான். "நான் அலஞ்சி வாங்கின வேலைய தூக்கிப் போட்டுட்டு மறுபடியும் சாம்பல துன்னப் போனாரு" என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறான். இருமலும் திரும்ப வந்தது. அம்முலு துளசிக் கஷாயம் வைத்துத் தூக்குவாளியில் கொண்டு வருவாள். பாண்டியன் கோபத்தில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

முதலாளி முன்பே அவரை நேரில் 'வேதகிரி' என்றுதான் கூப்பிடுவார். இப்போது லோடுமேன்களும் 'சாம்பல்' என்று கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். அதில் அண்ணனுக்கு ஒரு சந்தோஷமும் இருந்ததாகத் தெரியவில்லை. ஒருநாள் மதியச் சோற்றுக்கு உட்கார்ந்தபோது, "மேரிம்மா, உங்க கோயில்ல, ஒருத்தன் வேணும்னு செய்யாத தப்புக்கும் சாமி கணக்கு வெக்குமா?" என்று கேட்டார். மன்னிக்கிற ஆண்டவர் என்று சொன்னேன். "சாமி மன்னிக்கும். அதோட காலு வேவலையே" என்றார். நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

ஆடி பிறந்த பிறகு ஜெகன் வேலைக்குத் திரும்பினான். மூட்டை வாய் தைக்கிற இடத்தில், உட்கார்ந்து செய்கிற வேலை கொடுத்திருந்தார்கள். பிரிஸ்கில்லா அவள் தம்பியின் மொபெட்டில் அவனைப் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிக்கொண்டு வந்தாள். வண்டியின் முன்பக்கம், காலை வைக்கிற இடத்தில், ஒரு பெரிய கட்டு வேலிக்காத்தான் முள். அவள் புடவை ஓரமெல்லாம் கிழிந்திருந்தது. "இத ஏத்திக்கினு வர்றதுக்குள்ள என் உயிரே போச்சு. கேட்டா கேக்கறாரா இந்த மனுஷன்" என்று திட்டிக்கொண்டே இறக்கினாள்.

ஜெகன் அந்தக் கட்டை இழுத்துக்கொண்டு, வலது காலைச் சற்றே சாய்த்துச் சாய்த்து, பின்பக்கம் போனான். பள்ளத்தின் ஓரத்தில் நின்றான். உள்ளே போகவில்லை. அண்ணன் அங்கேதான் இருந்தார்.

"ணா, பழசெல்லாம் நானே கொளுத்திட்டேன். புச்சா வெட்டிக்கினு வந்தேன்."

அண்ணன் வந்து கட்டை வாங்கிக்கொண்டார். ஜெகன் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் பாதத்தைத்தான் பார்த்தார். தோல் வெளுத்து, இழுத்துக் கட்டினது போல இருந்தது. ஜெகன் காலைக் கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"வலிக்குதா?"

"வெயில்ல மட்டும்."

"தைக்கற எடத்துல ஃபேன் கீது. அதுக்குக் கீய ஒக்காந்துக்க."

"செரிணா."

அவ்வளவுதான் பேசிக்கொண்டார்கள். முதலாளி பின்வாசலில் வந்து நின்று, அடுத்த வாரம் சேட்டு என்று ஒருவன் சாம்பல் வேலைக்கு வருகிறான், எத்தனை நாள் கூட வைத்துக்கொள்ளவேண்டும் என்று அண்ணனைக் கேட்டார்.

அண்ணன் ஒரு முள் கிளையைத் தூக்கி, அன்றைக்குக் கொட்டின சாம்பல் மேல் போட்டார். அது சரியாக விழவில்லை. திரும்ப எடுத்துப் போட்டார்.

"தெரியல மொதலாளி. இந்த வாட்டி எனக்குத் தெரியலன்னே வெச்சிக்கங்க. அவன் வரட்டும், பாக்கறேன்" என்றார்.